கிரெடிட் கார்டு பாக்கிக்கு கோர்ட் சம்மன்: ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

அல்சூர் அக்கா:
திங்கட்கிழமை கோர்ட் அமீனா வந்து சம்மன் கொடுத்துவிட்டுப் போனார். 2021-ல் அம்மா கொரோனாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கார்டில் தேய்த்தது 92,000. இப்போது கேட்பது 2,71,400. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது; பக்கத்து வீட்டுப் பெண்தான் வாசித்துச் சொன்னாள். அடுத்த மாதம் 9-ஆம் தேதி பெங்களூரு மேயோ ஹால் கோர்ட்டில் ஆஜராக வேண்டுமாம். நேற்று வசூல் ஏஜென்ட் போனில், "கோர்ட்டுக்கெல்லாம் அலையாதீங்க, 15,000 கட்டுங்க, கேஸை வாபஸ் வாங்கிடறோம்" என்றார். கட்டிவிடலாமா? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஸ்ரீராம்புரம் தம்பி:
அக்கா, கட்டாதீங்க. எனக்கும் இதையேதான் சொன்னார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்தேன். நான் வராததால் என் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு (எக்ஸ்பார்ட்டி டிகிரி) ஆனதே தெரியாது. ஒரு மாதம் சம்பளச் சீட்டைப் பார்த்தால் 28,000-ல் 9,000 பிடித்தம்! முதல் 1,000 போக, மீதியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதாம். அந்த ஏஜென்ட் அப்புறம் போனையே எடுக்கவில்லை. தயவுசெய்து 9-ஆம் தேதி போய் நில்லுங்கள்.

வக்கீல் குமாஸ்தா:
பயப்படாதீங்கம்மா, இது சிவில் வழக்கு. சம்மனோடு தைத்திருக்கும் பிராதை, அதாவது பேங்க் கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனுவை, எடுங்கள். ஆர்டர் 37 (சீக்கிரம் முடிக்கும் சுருக்க வழக்கு முறை) என்று இருந்தால் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், 9-ஆம் தேதி வரை காத்திருக்கக் கூடாது. சாதாரண வழக்கு என்றால் பதில் தாக்கல் செய்ய 30 நாள். காரணம் சொன்னால் 90 வரை கோர்ட் தரலாம். வழக்குப் போட பேங்குக்கு 3 வருடம்தான் கெடு. அதற்குள் நீங்கள் கொஞ்சம் கட்டியிருந்தாலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கலாம், அதனால் கடைசியாகக் கட்டிய தேதி முக்கியம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். பேசி முடிக்கலாம், தப்பில்லை. ஆனால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்), எழுத்தில்.

அல்சூர் அக்கா:
ஆர்டர் 37 என்று எங்கும் இல்லை. பழைய மெசேஜ்களைத் தேடினேன். கடைசியாகக் கட்டியது 2022 ஆகஸ்ட், 3,000 ரூபாய். பிராதில் தாக்கல் தேதி 2025 நவம்பர்.

வக்கீல் குமாஸ்தா:
இடையில் 3 வருடம் தாண்டியிருக்கிறது. அந்த இரண்டு தேதியையும் வக்கீலிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதுவரை ஏஜென்ட் நீட்டும் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

அல்சூர் அக்கா:
சரிங்க. நாளைக்கு லீவ் சொல்லிவிட்டேன், காலையிலேயே வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.