அரையாண்டு லீவுல தரங்கம்பாடி: ரெண்டு வாண்டு, ஒரு மாமியாரோட போலாமா?

ரெட்டைவால்_அம்மா:

கோயமுத்தூர்ல இருந்து கேக்கறேனுங்க. நான், வீட்டுக்காரர், நாலாவது படிக்கிற பையன், யுகேஜி பொண்ணு, கூட எங்க அத்தை. பையனுக்குக் கோட்டை, பீரங்கின்னா சோறு தண்ணி வேண்டாம். போன வருசம் மாமல்லபுரம் போயி வெயில்லயும் கூட்டத்துலயும் நொந்துட்டோம். அதனால கொஞ்சம் அமைதியான கடலோர ஊரா, பாக்கறதுக்கும் ஏதாவது இருக்கற ஊரா போலாம்னு தரங்கம்பாடி முடிவாச்சு.

வீட்டுக்காரர் போட்ட திட்டம் இது: டிசம்பர் 26 காலையில தரங்கம்பாடி, மத்தியானம் பூம்புகார், சாயங்காலம் நாகூர், ராத்திரி வேளாங்கண்ணி. படிக்கும்போதே எனக்கு முட்டி வலிக்குது. அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது சொல்லுங்க. ஊர்லயே தங்கலாமா? குழந்தைகள கடல்ல இறக்கலாமா? அத்தைக்குக் கோயில் ஏதாவது வேணும், இல்லாட்டி எனக்குத்தான் வினை.

ஈசிஆர்_சவாரி:

சென்னையிலிருந்து காரைக்கால் போகும்போதெல்லாம் அங்கே நிறுத்துவேன். கோட்டை, கடல், நாலு போட்டோ, இரண்டு மணி நேரம் தாராளம். உங்க வீட்டுக்காரர் திட்டம் சரிதான். அங்கே தங்கி என்ன பண்ணப் போறீங்க? ராத்திரி ஏழு மணிக்கு ஊரே தூங்கிடும்.

பொறையாத்துக்காரன்:

சவாரி சார், ஏழு மணிக்குத் தூங்குற ஊருங்கறதுதான் அதோட பெருமையே.

அக்கா, உங்க வீட்டுக்காரர் பட்டியல்ல தரங்கம்பாடிய மட்டும் வச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் அடிச்சுடுங்க. ஒரு சாயங்காலம், ஒரு விடியக்காலம், ரெண்டும் அந்த ஊர்ல கிடைக்கணும். கார்ல வந்து கோட்டை வாசல்ல இறங்கி ஏறிப் போறவங்க எல்லாரும் "ஒண்ணுமில்ல சார், ஒரு பழைய கட்டடம்"னுதான் சொல்லிட்டுப் போவாங்க.

முதல்ல தேதி. டிசம்பர் 26 வேண்டாம். 2004 சுனாமியில எங்க கரையில போனவங்களுக்கு அன்னிக்குத்தான் நினைவு நாள். கடல்ல பால் ஊத்திப் பூப் போட்டு அழுதுகிட்டு இருப்பாங்க. அந்த நேரத்துல அங்க செல்ஃபி எடுத்துக்கிட்டு நிக்க உங்களுக்கே மனசு வராது. ஒரு நாள் தள்ளி வாங்க. இன்னொண்ணு, கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. காலண்டரைப் பாத்துட்டு டிக்கெட் போடுங்க. டிசம்பர் கடைசியிலயும் எங்க பக்கம் மழை எட்டிப் பாக்கும், ஆளுக்கு ஒரு குடை எடுத்துக்கங்க.

மத்தியானம் மூணு மணிவாக்குல வந்து சேருங்க. ஊர் நுழைவாசல்ல, வெள்ளையடிச்ச வளைவு ஒண்ணு இருக்கும், அப்ப இந்த ஊரை ஆண்ட டேனிஷ்காரங்க, அதாவது டென்மார்க்காரங்க, 1792ல கட்டினது. வண்டி அதுக்குள்ளயே போகும், ஆனா நீங்க அங்கயே இறங்கிடுங்க. அங்கேருந்து கடல் வரைக்கும் ராஜா தெரு ஒரே நேரா போகும். யுகேஜி பொண்ணே நடந்துடும், அவ்வளவுதான் தூரம். வழியில ரெண்டு பழைய தேவாலயம். ஒண்ணு 1701ல கட்டின சீயோன், இன்னொண்ணு 1718ல கட்டின புதிய எருசலேம். ரெண்டாவதுக்குள்ளதான் சீகன்பால்கு அடக்கமாயிருக்கார்.

உங்க பையனுக்கு அவர் கதையைச் சொல்லித்தான் ஆகணும். 1706ல டென்மார்க் ராஜா அனுப்பின ஜெர்மன் பாதிரியார். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்களோட உக்காந்து மணல்ல விரலால எழுதிப் பழகினார். அவங்க ஆளே, கோட்டைத் தளபதி, 1708ல அவரைப் புடிச்சு ஜெயில்ல போட்டுட்டார், நாலு மாசம். அப்புறம் வெளிய வந்து, இங்கயே அச்சுக்கூடம் வச்சு, 1715ல தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சார். அதுக்குக் காகிதம் பத்தலைன்னு எங்க ஊர்ப் பக்கம் காகிதப் பட்டறையே போட்டாங்க. மதம் எதுவா இருந்தாலும், அ ஆ எழுத அழுவுற புள்ளைக்கு இந்தக் கதை நல்லா ஏறும். நாங்க எங்க பயல்கிட்ட சொல்லித்தான் ஹோம்வொர்க் வாங்குறோம்.

கோட்டை 1620ல தொடங்கினது. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் குடுத்தார். அவர் டேனிஷ் ராஜாவுக்குத் தங்க ஓலையில எழுதின கடிதம் இன்னும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்கு. கீழ்த்தளத்துல கிடங்கு, வெடிமருந்து அறை, சிறை, எல்லாம் வளைவுக் கூரை. புள்ளைங்க கத்திப் பாத்தா எதிரொலிக்கும், கொஞ்ச நேரம் விட்டுடுங்க, ஆசை தீரட்டும். அருங்காட்சியகம் சின்னதுதான். பீங்கான், சீனத்து ஜாடி, கத்தி, ஈட்டி, குட்டிக் குட்டிப் பீரங்கிக் குண்டு, திமிங்கல எலும்பு. பெரியவங்க பத்து நிமிஷத்துல சுத்திட்டு வந்துடுவாங்க, பையன் அந்த எலும்புகிட்ட நின்னுடுவான். 1845ல டேனிஷ்காரங்க இந்த ஊரையும் வங்காளத்துல செராம்பூரையும் சேத்துப் பன்னண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. இன்னிக்குக் கோயமுத்தூர்ல அந்தக் காசுக்கு ஒரு சென்ட் நிலமாவது வருமான்னு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க.

அடுத்த நாள் விடியும்போது மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போங்க. மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1306ல எடுப்பிச்சது. முன்பக்கத்தைக் கடல் கொண்டு போயிடுச்சு, மிச்சம் கரையோரமா நிக்குது. சூரியன் நேர் எதிர்ல வரும். அங்க அலையைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டியிருக்காங்க. பாசி புடிச்சு வழுக்கும், புள்ளைங்க கையை விடாதீங்க.

கடல்ல குளிக்கவே கூடாது. கால் நனைக்கலாம், அதுவும் நீங்க கையைப் புடிச்சுக்கிட்டு. எங்க கரை திடீர்னு பள்ளம் வாங்கும், இழுவையும் ஜாஸ்தி. "ஓசோன் காத்து வீசுற கடற்கரை"ன்னு பெருமையா சொல்லுவாங்க. காத்து உண்மையிலயே சுகமா இருக்கும். ஓசோன் பத்தி பையன் கேள்வி கேட்டா பேச்சை மாத்திடுங்க.

ரெட்டைவால்_அம்மா:

தம்பி, இத அப்படியே வீட்டுக்காரருக்கு அனுப்பிச்சுட்டேன். பன்னண்டரை லட்சத்தப் படிச்சுட்டு, "நம்ம பக்கத்துக் காலியிடத்துக்கு அதுக்கு மேல சொல்றாங்களே"ன்னு பெருமூச்சு விட்டாரு. 26 வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு. பூம்புகார் மட்டும் விட மாட்டேங்கறாரு, கண்ணகி பொறந்த ஊராம். அத்தைக்கு என்ன பண்றதுங்க? கோட்டையில படி ஏற முடியாது அவங்களால. சாப்பாடும் சைவம்தான்.

மாயவரம்_டீச்சர்:

உங்கள் அத்தைக்காகவே பக்கத்தில் திருக்கடையூர் இருக்கிறது, கார் எடுத்தால் கால் மணி நேரம். அபிராமியைப் பார்த்துவிட்டால் அப்புறம் நீங்கள் எந்தக் கோட்டையில் எவ்வளவு நேரம் இருந்தாலும் கேட்க மாட்டார்கள்.

அறையையும் அங்கேயே போடலாம். தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி தங்குமிடம் உண்டு, ஆனால் எண்ணிக்கை கம்மி, லீவு வாரத்தில் விலையும் ஏறும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களை நம்பியே விடுதிகள் நிறைய, சைவச் சாப்பாட்டுக்கும் கவலையில்லை. ஒரு சங்கடம்: விடியற்காலையிலேயே நாதஸ்வரம் தொடங்கிவிடும், தெருப்பக்க அறை வாங்காதீர்கள். சூரியோதயம் பார்க்க எப்படியும் எழுந்துதானே ஆக வேண்டும்.

பூம்புகாரைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். சிலப்பதிகாரம் மனசில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கரையில் நின்றாலே போதும். யுகேஜி குழந்தைக்கு அது இன்னொரு மணல்தான். அவர் மட்டும் ஒரு காலை போய் வரட்டும்.

கோட்டையில் அத்தை மேலே ஏற வேண்டாம். எதிரே கடலைப் பார்த்து உட்காரலாம். ஒருவர் கூட இருங்கள், மாற்றி மாற்றிப் போய்ப் பாருங்கள்.

ரெட்டைவால்_அம்மா:

திருக்கடையூர்னு சொன்னதும் அத்தை பொடவை எடுத்து வெச்சுட்டாங்க. இப்ப யாரு எங்க தங்கறதுங்கறதே அவங்க முடிவுதான். கோயமுத்தூர் - மயிலாடுதுறை ஜன் சதாப்தியில வரலாம்னு இருக்கோம். ஜங்ஷன்ல இருந்து பஸ் இருக்குங்களா, கார் எடுக்கணுங்களா?

பொறையாத்துக்காரன்:

பஸ் இருக்கு. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாத்தான் தரங்கம்பாடி, காரைக்கால் பஸ் எல்லாம் வரும். ஆனா அந்த ரயில் மத்தியானம்தான் வந்து சேரும். பெட்டி, ரெண்டு புள்ளை, பெரியவங்க இருக்கும்போது கார் பேசிடுங்க. போறதுக்கும் ரெண்டு நாள் கழிச்சுத் திரும்புறதுக்கும் ஒரே ஆள்கிட்ட சேத்துப் பேசுனா குறைச்சுக் குடுப்பான். நடுவுல தரங்கம்பாடி போய் வர ஆட்டோவே போதும்.