விளம்பர மின்னஞ்சல்களுக்கு அடியில் போன கடிதங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாளரம்:

“உங்கள் பெட்டி நிரம்பியிருப்பதாக எங்கள் மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. நேற்றே வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.”

இறுதிச் சுற்று நேர்காணலுக்கான அழைப்பு அது. தொலைபேசியில் பேசிய அம்மையார் மரியாதையாகத்தான் சொன்னார். சண்டை போடவும் வழியில்லை. போனை வைத்துவிட்டு இன்பாக்ஸைத் திறந்தேன். ‘இன்று நள்ளிரவோடு முடிகிறது’, ‘கடைசி வாய்ப்பு’, ‘உங்கள் கூடை காத்திருக்கிறது’. விரலால் தள்ளத் தள்ள இதே. எப்போதோ செருப்பு வாங்கிய கடை, ஓர் இரவு தங்கிய விடுதி, பில் போடும்போது முகவரி கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் என எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. எனக்கு வேண்டிய ஒரே கடிதத்துக்கு இல்லை. இன்னும் மனம் ஆறவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நடைவண்டி:

என் கதை, விளம்பரக் கடிதங்கள் வேண்டாம் என்று விலகும் பக்கத்தோடு. கடிதத்தின் அடியில், வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்தில், ‘அன்சப்ஸ்கிரைப்’. தட்டினேன். திரை முழுக்க ஒரு பச்சைப் பொத்தான்: ‘தொடர்ந்து இருக்கிறேன்’. அதற்குக் கீழே, பொத்தான் என்றே தெரியாத ஒரு வரி: ‘இல்லை, விலகுகிறேன்’. அதைத் தொட்டால் கணக்கில் நுழையச் சொல்கிறது. அந்தக் கடையில் எனக்குக் கணக்கு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. புதிய கடவுச்சொல் கேட்டேன். அது வந்து சேர்ந்த அதே நிமிடத்தில் இன்னொரு கடிதமும் வந்தது: ‘மீண்டும் வருக! உங்களுக்காகப் புதிய சலுகைகள்.’ விலகப் போனவனை வரவேற்று அனுப்பினார்கள். அந்தப் பச்சைப் பொத்தானை வடிவமைத்தவர் தன் பெட்டியில் இதே கடிதம் வந்தால் என்ன செய்வார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஏழாம்பிறை:

அப்பா போன பிறகு அவருடைய போனை அணைக்காமல் வைத்திருந்தோம். காப்பீட்டு விவரங்கள் எல்லாம் அவர் மின்னஞ்சலுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் காலை போன் ஒலித்தது. “அப்பாவுக்கு யார் எழுதுகிறார்கள்?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். எடுத்துப் பார்த்தேன். அவர் எப்போதோ புத்தகம் வாங்கிய ஒரு கடை. தலைப்பில் அவருடைய பெயர், அதன் பின்னால் ‘உங்களை ரொம்ப நாளாகக் காணோமே!’

இயந்திரம் தானாக அனுப்புகிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது? “வங்கியிலிருந்து” என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பழைய தபால்:

மூவரின் பதிவையும் படித்தேன். எனக்கும் ஒரு அனுபவம் உண்டு: முக்கியமான ரசீது ஒன்று ‘விளம்பரங்கள்’ பகுதிக்குள் போய்விட்டது, தேடி எடுத்தேன், அவ்வளவுதான். அதைவிடச் சில விஷயங்களைத் தெளிவுபடுத்துவது நல்லது.

முதலில் சாளரத்துக்கு. பெட்டியை நிரப்பியது விளம்பரங்கள் அல்ல. அப்படிப்பட்ட ஒரு கடிதம் பெரும்பாலும் சில பத்து கிலோபைட்தான். அதில் தெரியும் படங்கள் அனுப்பியவரின் சர்வரிலிருந்து வருபவை, உங்கள் பெட்டியில் தங்குவதில்லை. ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் டிரைவுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான். அங்கே போய்ப் பாருங்கள்.

நடைவண்டிக்கு: உங்களை நுழையச் சொன்னதே தவறு. விளம்பர மின்னஞ்சல்களைக் கட்டுப்படுத்தும் அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்ட விதிகளின்படி, விலகுகிறவரிடம் மின்னஞ்சல் முகவரியைத் தவிர வேறு விவரம் கேட்கக் கூடாது, ஒரு பக்கத்துக்கு மேல் அலைக்கழிக்கவும் கூடாது, 10 வேலை நாட்களுக்குள் நிறுத்தியாக வேண்டும். 2024-லிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்கள் தங்கள் விளம்பரக் கடிதங்களில் ஒரே தட்டில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது; யாஹூவும் அதே காலத்தில் இதைக் கொண்டுவந்தது. அதனால் கடிதத்தின் அடியில் தேடாதீர்கள். மேலே, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் செயலியே காட்டும் பொத்தானைப் பயன்படுத்துங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பிய குப்பை என்றால் அதில் எந்த இணைப்பையும் தொடவே வேண்டாம். முகவரி உயிரோடு இருக்கிறது என்று நீங்களே சொன்னதாகிவிடும். படங்கள் தானாகத் திறப்பதையும் நிறுத்திவிடுங்கள். ஒரு புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படத்தை வைத்துத்தான் நீங்கள் கடிதத்தைத் திறந்தீர்களா என்று பார்க்கிறார்கள்.

இது இன்று நேற்று வந்த நோய் இல்லை. 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்குக் கணினி விளம்பரம் அனுப்பினார். அப்போதே பலர் கோபப்பட்டார்கள்.

எல்லோருக்குமான வழி: ‘அன்சப்ஸ்கிரைப்’ என்ற சொல் இருக்கும் கடிதங்கள் அனைத்தும் இன்பாக்ஸைத் தவிர்த்துத் தனி லேபிளுக்குப் போகும்படி ஒரு வடிகட்டி போடுங்கள். ஏழாம்பிறை, அப்பாவின் கணக்கையே மூடிவிடலாமே?

சாளரம்:

ஐயா, கிலோபைட் கணக்கு சரியாகவே இருக்கட்டும். ‘இடம் தீரப்போகிறது’ என்ற எச்சரிக்கைக் கடிதமும் எனக்கு வந்துதான் இருந்தது. பிறகு தேடியபோது கிடைத்தது. மேலே ஒரு தள்ளுபடி, கீழே ஒரு தள்ளுபடி, நடுவில் அது. அதை என் கண்ணில் படாமல் மறைத்தது எது? நான் சொல்ல வந்தது அதைத்தான்.

ஏழாம்பிறை:

கணக்கை மூட முடியாது என்பதால்தானே எழுதினேன், பழைய தபால். காப்பீடு, ஓய்வூதியம், மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் அந்த முகவரிதான். ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும் வரை அது திறந்திருக்கத்தான் வேண்டும். புத்தகக் கடைக்கு மட்டும் நானே எழுதினேன். யாரோ ஒருவர் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டு, பெயரை எடுத்துவிட்டார். அந்த ஒரு பதில் எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

கார்முகில்:

பழைய தபால் சொன்ன வடிகட்டியை யாரும் அப்படியே போட்டுவிட வேண்டாம், தயவுசெய்து. இரண்டு வருடங்களாக வைத்திருந்தவள் சொல்கிறேன். என் மகளின் கண் பரிசோதனை நாளை மாற்றியிருப்பதாக மருத்துவமனை அனுப்பிய கடிதத்தின் அடியிலும் அந்தச் சொல் இருந்தது. நேராக லேபிளுக்குள் போய்விட்டது. பூட்டியிருந்த அறை வாசலில் குழந்தையோடு நின்றபோது, காவலாளி “மெயில் வரலையாம்மா?” என்று கேட்டார். வந்திருந்தது, என் கைப்பையிலிருந்த போனிலேயே.

இப்போது சொல்லை வைத்து வடிகட்டுவதே இல்லை. அனுப்புகிறவரின் முகவரியை வைத்து ஒவ்வொன்றாகச் செய்கிறேன். நேரம் பிடிக்கிறது, ஆனால் நிம்மதியாக இருக்கிறது. இன்னொன்று: சலித்துப்போய் எல்லாவற்றையும் ‘ஸ்பேம்’ என்று குறிக்கிறவர்களும் கவனியுங்கள், அதே கடை பிறகு அனுப்பும் ரசீதும் அங்கேயே போகலாம், ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டி 30 நாட்களில் தானாக அழிந்துவிடும்.

சாளரம், அந்த நிறுவனத்துக்கு நடந்ததை விளக்கி ஒரு கடிதம் போட்டீர்களா? தேர்ந்தெடுத்தவர் சேராமல் போவதும் உண்டு. இன்றே எழுதுங்கள், வேறு முகவரியிலிருந்து.