துணி பிழியும் மெஷினுக்கு ஏர் பேக்: எங்கள் அனுபவம்

மாடியில் லாண்டரி உள்ள ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். துவைத்துப் பிழியும் பெரிய மெஷின் வேகமெடுத்தால் கீழ்த்தள அறைகளில் கண்ணாடி டம்ளர்கள் சலசலக்கும். பேலன்ஸ் பண்ணினால் சரியாகிவிடும் என்றுதான் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். டிரம்மை பேலன்ஸ் பண்ணலாம், உள்ளே கிடக்கும் துணியை யார் பண்ணுவது? ஒரு லோடில் பெட்ஷீட் சீராகப் படியும். அடுத்ததில் டவல் எல்லாம் முறுக்கிக்கொண்டு ஒரே பக்கம் ஒதுங்கும். அரை மீட்டர் ஆரத்தில் 5 கிலோ ஈரத்துணி ஒதுங்கி, டிரம் 700 ஆர்பிஎம்மில் சுற்றினால் வெளியே இழுக்கும் விசை 1.3 டன்னைத் தாண்டும். இந்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான் மேனேஜர் பணம் ஒதுக்கினார்.

மெஷினுக்கு அடியில் இருந்த ரப்பர் பேடுகளை எடுத்துவிட்டு நான்கு மூலையிலும் ஏர் பேக், அதாவது மெஷினைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பை, வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் காற்றுத் தொட்டி, நடுவில் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு. வால்வு மூடியிருந்தால் பை விறைப்பாக நிற்கும். திறந்தால் தொட்டிக் காற்றும் சேர்ந்துகொள்வதால் மெத்தென்று ஆகிவிடும். சூட்சுமம் எப்போது திறப்பது என்பதில்தான். திறந்த நிலையில் மெஷினின் இயல்பு அதிர்வெண் 3 ஹெர்ட்ஸ், அதாவது 180 ஆர்பிஎம். டிரம் அந்த வேகத்துக்கு வந்தால் மெஷினே துள்ளும். மூடியிருந்தால் துள்ளும் வேகம் 330. ஆகவே மூடியபடியே கிளப்பி, 220ஐத் தாண்டியதும் திறந்துவிடுகிறோம். 180ஐக் கடக்கும்போது பை விறைப்பு, 330ஐக் கடக்கும்போது மெத்து. நிறுத்தும்போது இதையே தலைகீழாக. 700ல் ஓடும்போது கணக்குப்படி விசையில் பதினான்கில் ஒரு பங்குதான் தரைக்கு இறங்கும்.

மெஷின் முன்னைவிட அதிகமாக ஆடுகிறதே என்று ஆபரேட்டர் பயந்துபோனார். ஆடட்டும், தரை ஆடாமல் இருக்கத்தானே அதை ஆடவிடுகிறோம்! ஆட்டம் மிஞ்சாமல் இருக்க அடியில் கான்கிரீட் நிரப்பிய கனமான சட்டம் கொடுத்திருக்கிறோம்.

*

அண்ணே, டிரெயின் பைப்பை என்ன செய்தீர்கள்? நான் திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் இருக்கிறேன். எங்கள் ஹைட்ரோவுக்கு (ஈரத்துணியைச் சுழற்றிப் பிழியும் மெஷின்) ஏர் பேக் போட்டும் பக்கத்துச் சுவர் அதிர்ந்துகொண்டே இருந்தது. பார்த்தால், டிரெயினுக்குப் போட்ட ஜிஐ பைப்பைச் சுவரோடு சேர்த்து கிளாம்ப் அடித்திருந்தார்கள். அதிர்வு பையை விட்டுவிட்டு அந்த வழியாகப் போயிருக்கிறது. நடுவில் ரப்பர் ஹோஸ் கொடுத்து, மோட்டார் கேபிளையும் தளர்வாகத் தொங்கவிட்ட பிறகு சுவர் அடங்கியது.

*

எங்களுடையது நூற்பாலையில் காற்றைத் தள்ளும் ப்ளோயர். 1440 ஆர்பிஎம்மில் ரப்பர் பேடின் மேல் அமைதியாகத்தான் ஓடியது. கரண்ட் மிச்சம் பிடிக்க, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் போட்டு 720க்கு இறக்கினார்கள், தரை அதிர ஆரம்பித்தது. பேடின் மேல் இயல்பு அதிர்வெண் 9 ஹெர்ட்ஸ், ப்ளோயர் சுற்றுவது 12 ஹெர்ட்ஸ் என்று நெருங்கிவிட்டன. சுழலும் விசை கால்வாசியாகக் குறைந்தும் தரைக்குப் போனது முன்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! வேகம் மாறிக்கொண்டே இருக்கும் மெஷினுக்கு என் ஓட்டு ஏர் பேக்குக்குத்தான். ஆனால் கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றில் தண்ணீர் இருக்கும், அது வால்வை ஒட்டிக்கொள்ள வைக்கும். ஃபில்டரில் தேங்குவதை ஷிப்டுக்கு ஒருமுறை திறந்துவிடச் சொல்லுங்கள்.