304 தகட்டில் டிக் வெல்டிங்: ஆர்கான் விரைவில் தீர்கிறது, கேஸ் லென்ஸ் உதவுமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் பட்டறையில் உணவகச் சமையலறைகளுக்கான மேசைகளையும் தொட்டிகளையும் 1.5 மி.மீ. 304 எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் டிக் வெல்டிங் மூலம் செய்கிறோம். 17 எண் டார்ச், சாதாரண காலட் பாடி (டங்ஸ்டனைப் பிடிக்கும் காலட் அமரும் பாகம்), 5 எண் கப் (வாயு வெளிவரும் முனை), 2.4 மி.மீ. டங்ஸ்டன் (மின்முனை) ஆகியவற்றைப் பயன்படுத்துகிறோம். தொட்டியின் உள்மூலைகளில் டங்ஸ்டனை வெளியே நீட்டினால் வெல்டு சாம்பல் நிறமாகிவிடுவதால், பாதுகாப்பு வாயுவான ஆர்கானை நிமிடத்துக்கு 15 லிட்டர் வைக்கிறோம். காலட் பாடிக்குப் பதிலாக கேஸ் லென்ஸ் போட்டால் செலவு குறையுமா?

மறுமொழி 1:
குறையும், ஐயா. சாம்பல் நிறத்துக்குக் காரணம் ஆர்கான் போதாமை மட்டுமன்று. கப்பின் எண் அதன் உள்விட்டத்தை அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குகளாகக் குறிப்பதால், 5 எண் கப்பின் வாய் ஏறத்தாழ 8 மி.மீ. மட்டுமே. அவ்வளவு சிறிய வாயின் வழியே 15 லிட்டரைத் தள்ளும்போது ஓட்டம் சுழன்று, சுற்றியுள்ள காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கேஸ் லென்ஸில் உள்ள நுண்ணிய கம்பி வலைகள் ஓட்டத்தைச் சீராக்கி அனுப்புவதால், டங்ஸ்டனைச் சற்று அதிகம் நீட்டினாலும் பாதுகாப்பு கலைவதில்லை. 8 எண் கப்புடன் 7 அல்லது 8 லிட்டரில் தொடங்கி, வெல்டின் நிறத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி நிறமோ வைக்கோல் நிறமோ வந்தால் போதும். 7 கன மீட்டர் சிலிண்டர் 15 லிட்டரில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். 8 லிட்டரில் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலட் பாடிக்கான கப் கேஸ் லென்ஸுக்குப் பொருந்தாது. அதற்குரிய கப்பையும் இன்சுலேட்டரையும் சேர்த்தே வாங்குங்கள். இந்தத் தகட்டுக்கு 1.6 மி.மீ. டங்ஸ்டனே தாராளம் என்பதால், காலட், லென்ஸ் இரண்டையும் அந்த அளவிலேயே கேளுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதுடன் முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் லென்ஸ் வாங்குவதற்கு முன் கசிவைப் பாருங்கள். மெஷினில் வாயு ஓடாத நேரத்தில் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, ரெகுலேட்டர் முள் இறங்குகிறதா என்று சிறிது நேரம் கவனித்தால் தெரிந்துவிடும். இறங்கினால் ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். டார்ச்சின் பின்மூடியான பேக் கேப்பின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருந்தால் அவ்வழியே காற்று புகுந்து வெல்டைக் கெடுக்கும். அதற்கு எத்தனை லிட்டர் கூட்டினாலும் பயன் இராது.

தொட்டி வேலையில் டேக் (தகடுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) அதிகம் என்பதால் இன்னொரு விரயமும் உண்டு. ஆர்க் நின்றிருக்கும்போது ரெகுலேட்டருக்கும் மெஷினுக்கும் இடையிலுள்ள ஹோஸில் அழுத்தம் ஏறி நிற்கிறது. அடுத்த டேக் தொடங்கியதும் அது முழுவதும் ஒரே வீச்சில் வெளியேறுகிறது. ஹோஸின் நீளத்தைக் குறைத்து, உள்விட்டம் சிறிய ஹோஸைப் பொருத்தினால் இந்த இழப்பு பெருமளவு குறையும்.

மறுமொழி 3:
மிச்சப்படுத்தும் எண்ணத்தில் போஸ்ட் ஃப்ளோவில் (ஆர்க் நின்ற பிறகும் ஆர்கான் ஓடும் நேரம்) மட்டும் கை வைக்காதீர்கள். பத்து ஆம்பியருக்கு ஒரு விநாடி என்பது வழக்கமான கணக்கு. 60 ஆம்பியருக்கு ஆறு விநாடி வரை டார்ச்சை வெல்டின் முடிவிலிருந்து எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். டங்ஸ்டன் கறுத்து, மீண்டும் தீட்டுவதில் இழக்கும் நேரமும் கம்பியும் அந்தச் சில விநாடி ஆர்கானைவிட விலை கூடியவை. பட்டறையின் மின்விசிறி வேலை மேசையை நோக்கிச் சுழல்கிறதா என்பதையும் பாருங்கள்.