டிரில் கூட்டுக்குள் காயில் கன்: கச்சிதமா, கண்கட்டா?

மின்தச்சன்:
பழுதான 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் ஒன்றின் மோட்டாரையும் பல்சக்கரப் பெட்டியையும் கழற்றிவிட்டு, அந்த வெற்றுக் கூட்டுக்குள் ஒற்றைச் சுருள் காயில் கன் (செம்புச் சுருளில் பாயும் மின்சாரத்தின் காந்தவிசையால் இரும்புத் துண்டை எறியும் கருவி) ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். 400 வோல்ட்டுக்கு ஏற்றப்படும் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 3 கிராம் எடையுள்ள இரும்புத் துண்டு, இரண்டு ஒளியுணரிகளை வைத்து அளந்ததில் நொடிக்கு 22 மீட்டர் வேகம். "இதற்கு டிரில் கூடு எதற்கு, பலகையில் செய்தால் போதாதா?" என்று சென்ற மாதம் இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். கைப்பிடி, பேட்டரி நுழையும் தடம், பாகங்களைப் பிடித்துவைக்கும் உள்விலாக்கள் ஆகிய அனைத்தையும் ஒரு தொழிற்சாலை ஏற்கெனவே வார்த்துத் தந்திருக்கும்போது, நான் ஏன் பலகையையும் பசை நாடாவையும் கட்டிக்கொண்டு அழவேண்டும்?

பழைய லைன்மேன்:
தம்பி, உங்கள் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தந்த எண்களையே பெருக்கிப் பார்த்தால், மின்தேக்கியில் இருப்பது 80 ஜூல், இரும்புத் துண்டுக்குப் போய்ச் சேர்ந்தது 0.73 ஜூல். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பள்ளிக்கூடத்துப் பையனின் உண்டிவில் இதைவிட நன்றாக அடிக்கும். அது போகட்டும், என் கவலை மீதி 79 ஜூலைப் பற்றியதுமன்று. சுடாமல் வைத்த 80 ஜூல் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியது. பலகையில் இருந்தால் அது மின்சாரச் சமாசாரம் என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். டிரில்லைக் கண்டால் கையில் எடுப்பார்கள். திருகு சிக்கியிருக்கிறதோ என்று முன்வாயில் விரலைவிட்டுப் பார்ப்பார்கள். மின்தேக்கியை வடிக்க என்ன வைத்திருக்கிறீர்கள்?

மின்தச்சன்:
1 மெகா ஓம் மின்தடை ஒன்று மின்தேக்கியின் குறுக்கே நிரந்தரமாக இருக்கிறது, ஐயா. அணைத்துவிட்டால் தானாக வடிந்துவிடும்.

பழைய லைன்மேன்:
எத்தனை நேரத்தில் என்று கணக்கிட்டீர்களா? உங்கள் மதிப்புகளுக்கு நேர மாறிலி, அதாவது மின்னழுத்தம் ஏறத்தாழ 37 விழுக்காடாக இறங்க ஆகும் நேரம், 1000 நொடி. 400 வோல்ட் பத்தில் ஒன்றாக, அதாவது 40 வோல்ட்டாக இறங்குவதற்கே 38 நிமிடங்கள் ஆகும். அணைத்து வைத்துவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போடலாம். அதற்குள் வேறொருவர் அதை எடுத்திருப்பார்.

செம்புக்கம்பி:
லைன்மேன் ஐயாவின் அச்சம் நியாயமானதே. ஆயினும் கூட்டின் மீது எனக்குள்ள குறை வேறு: அது இயற்பியலுக்கே இடம் தரவில்லை. டிரில்லின் மூக்குப் பகுதிக்குள் அடங்கவேண்டும் என்பதற்காகச் சுருளைச் சிறிதாக்கியிருப்பீர்கள். செம்பு 40 கிராம் இருந்தால் அதிகம் என்று எண்ணுகிறேன். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஏறத்தாழ 80 ஜூலும் அந்தச் செம்பிலேயே வெப்பமாகிறது என்று வைத்துக்கொண்டால், வெப்பநிலை ஒவ்வொரு முறையும் 5 பாகை ஏறும். பக்கவாட்டில் காற்றுப்போகும் வரித்துளைகள் இருக்கின்றனவே என்பீர்கள். அவற்றின் வழியே காற்றை இழுத்த விசிறி, மோட்டாரோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட்டதே.

இன்னொன்று: மின்தேக்கியைச் சுருளோடு இணைக்க நீங்கள் பயன்படுத்தும் மின்னணுச் சுவிட்ச் தைரிஸ்டர் வகை என்றால், ஒருமுறை திறந்த பிறகு மின்னோட்டம் தானாக அடங்கும்வரை அதை மூட முடியாது. இரும்புத் துண்டு சுருளின் நடுப்புள்ளியைத் தாண்டிய பின்னும் மின்னோட்டம் மிச்சமிருந்தால், அதுவரை முன்னே இழுத்த அதே காந்தம் அதைப் பின்னோக்கி இழுக்கும். கொடுத்த வேகத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பறித்துக்கொள்வது அதுதான். பலகையில் என்றால் சுருளை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, துண்டின் தொடக்க இடத்தை மாற்றி, அலைக்காட்டியில் பார்த்துத் திருத்தலாம். உங்கள் கூட்டுக்குள் அதற்கு எட்டுத் திருகுகளைக் கழற்றவேண்டும். கழற்றச் சோம்பல் வரும், அத்தோடு சோதனையும் நின்றுவிடும்.

வாய்தா:
இடையில் புகுவதற்குப் பொறுத்தருள்க. இந்தியாவில் இருக்கும் நண்பர்கள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2ஆம் பிரிவை ஒருமுறை படிக்கவேண்டும். வெடிபொருளின் விசையால் மட்டுமன்றி, "பிற ஆற்றல் வடிவங்களால்" எறிபொருளைச் செலுத்துமாறு வடிவமைக்கப்பட்டவையும் அங்கே துப்பாக்கி என்ற வரையறைக்குள் வருகின்றன. துப்பாக்கியைச் செய்வதற்கு 5ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. 0.73 ஜூல் ஒரு பொம்மையே என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் கைப்பிடியும் விசையும் வைத்து, பார்வைக்கு வேறொன்றாகத் தோன்றும் கூட்டுக்குள் ஒளித்த பொருளைக் காட்டிக்கொண்டு அந்த வாதத்தைத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். பலகையில் ஆணியடித்த சுருளை ஆய்வுக் கருவி என்று சொல்வது எளிது.

மின்தச்சன்:
ஒளிக்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. வழக்கறிஞர் நண்பர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவேண்டும். மற்றபடி, இது பயனற்ற விளையாட்டு என்பதுபோல் நீங்கள் மூவரும் பேசுவதை ஏற்க மாட்டேன். நார்வேயின் கிறிஸ்டியான் பிர்கலாண்ட் 1901இல் மின்காந்தப் பீரங்கிக்குக் காப்புரிமை பெற்றவர். அவரும் இதே செம்புச் சுருளோடுதான் மல்லுக்கட்டினார்.

செம்புக்கம்பி:
அந்தக் கதையை முழுவதும் சொல்லுங்கள், நண்பரே. 1903 பிப்ரவரி 6 அன்று பல்கலைக்கழக அரங்கில் பார்வையாளர்களைக் கூட்டிவைத்து அவர் விசையை அழுத்தியபோது, உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பெரும் மின்வில் (காற்றினூடே பாயும் மின்சாரத்தின் சுடரொளி) வெடித்தது, கூட்டம் மிரண்டுபோனது. பீரங்கி வியாபாரம் அத்தோடு போயிற்று. அந்த மின்வில்லைக் கொண்டே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கலாம் என்று பொறியாளர் சாம் எய்டேயோடு சேர்ந்து அவர் இறங்கியதன் விளைவே 1905இல் தோன்றிய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம். ஆக, உங்கள் முன்னோடியே சுடுவதை விட்டுவிட்டார்.

மின்தச்சன்:
சரி, அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வடிகால் விஷயத்தில் லைன்மேன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. 100 கிலோ ஓம் வைத்தால் நான்கு நிமிடத்தில் 40 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், உண்மைதான். ஆனால் முழு மின்னழுத்தத்தில் அது இடைவிடாமல் 1.6 வாட்டைத் தின்று, ஏற்கெனவே காற்றில்லாத கூட்டுக்குள் அடுப்பு மூட்டுமே?

பழைய லைன்மேன்:
அதனால்தான் நிரந்தர வடிகாலை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன். பேட்டரியை உருவிய மறுகணமே தானாக மூடிச் சுற்றை இணைக்கும் வகை ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) வழியாக, பருமனான மின்தடை ஒன்றில் வடியவிடுங்கள். அது பழுதானால் காப்பாற்ற உங்கள் 1 மெகா ஓமும் அப்படியே இருக்கட்டும். நியான் விளக்கை அடையாளமாக வைக்காதீர்கள். அது அணைந்த பின்னும் 60 வோல்ட்டுக்கு மேல் மிச்சமிருக்கலாம். வடித்த பிறகும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

மின்தச்சன்:
நேற்றிரவு மின்தேக்கியை மின்தடை வழியாக முழுவதும் வடித்து, மீட்டரில் சுழியம் பார்த்து, அதைத் தனியே கழற்றி மேசைமேல் வைத்தேன். இன்று காலை எதற்கும் இருக்கட்டும் என்று மீட்டர் முனைகளை வைத்தால் 27 வோல்ட் காட்டுகிறது. மின்தேக்கிக்குள் இருக்கும் மின்கடத்தாப் பொருள் தான் உறிஞ்சிய மின்னூட்டத்தைத் திரும்பக் கக்கும் என்று படித்திருக்கிறேன். என் மேசையிலேயே அதைக் கண்டது இதுதான் முதல்முறை. கூட்டை விட்டுவிடுவதாக இன்னும் சொல்லவில்லை. ஆனால் ரிலே வரும்வரை அதன் இரு பாதிகளும் திருகில்லாமல் தனித்தனியாகக் கிடக்கின்றன. சுருளை மட்டும் ஒரு தேக்குத் துண்டில் கட்டியிருக்கிறேன். செம்புக்கம்பி, நடுப்புள்ளிக்கு எத்தனை மில்லிமீட்டர் பின்னால் தொடங்கச் சொல்கிறீர்கள்?

செம்புக்கம்பி:
இரும்புத் துண்டின் நீளத்தையும் சுருளின் நீளத்தையும் முதலில் சொல்லுங்கள். தேக்கில் இரும்பு ஆணி எதுவும் அடிக்கவில்லையே?