கனெக்டர், அடாப்டர், ஸ்ப்ளைஸ்: மூன்றும் 'இணைப்பி' தானா?

வணக்கம் நண்பர்களே,

ஒளியிழை (ஆப்டிகல் ஃபைபர்) இணைப்புப் பாகங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் ஒருவர் சொன்னது இது:

> கனெக்டருக்கு 'இணைப்பி' ஏற்கெனவே இருக்கிறதே, ஒளியிழைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

மின்கம்பிக்கு அது சரி, ஒளியிழையில் இடிக்கிறது. எஸ்சி (SC) வகை ஆகட்டும், எல்சி (LC) வகை ஆகட்டும், இரண்டு கனெக்டர்களை நேராக ஒன்றில் ஒன்று செருக முடியாது. இரண்டும் ஒரே மாதிரி முனைகள். நடுவில் அடாப்டர் வேண்டும். அதற்குள் இருக்கும் சின்னக் குழல்தான் இரு முனைகளையும் நேர்க்கோட்டில் நிறுத்துகிறது. இணைக்கிற வேலை அடாப்டருடையது என்பதால் 'இணைப்பி'யை அதற்கே கொடுத்துவிடுவோம். கனெக்டர் 'செருகுமுனை' ஆகட்டும்.

செருகுமுனையின் நுனியில் உள்ள ஃபெரூலுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. உலக்கை நுனிக்குப் போடுகிறோமே பூண், அதேதான். பெரும்பாலும் சிர்கோனியாப் பீங்கான். எஸ்சி, எஃப்சி (FC), எஸ்டி (ST) மூன்று வகைகளிலும் பூணின் விட்டம் 2.5 மி.மீ., எல்சியில் அதில் பாதி. நடுத்துளையில் 125 மைக்ரான் இழை. ஒற்றைமுறை (சிங்கிள் மோட்) இழையில் ஒளி போகும் உள்ளகம் சுமார் 9 மைக்ரான்தான். பூண் இம்மி விலகினாலும், முகத்தில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் ஒளியிழப்பு எகிறிவிடும். முகத்தை 8 பாகை சாய்த்து மெருகிட்டால் அது ஏபிசி (APC) வகை. திரும்பி வரும் ஒளி உள்ளகத்துக்குள் போகாமல் விலகிவிடும். 'சாய்முகச் செருகுமுனை' என்றால் பார்த்தவுடன் புரியும். வழக்கமாகப் பச்சை நிறத்தில் வரும் இதை, முகம் சாய்க்காத நீல நிற யூபிசி (UPC) வகையோடு சேர்த்தால் முகங்கள் சரியாகப் பொருந்தாது.

அப்புறம் ஸ்ப்ளைஸ். களத்தில் 'ஸ்ப்ளைஸிங்' அல்லது 'ஜாயிண்ட்' என்றுதான் சொல்கிறார்கள். மின்வில்லின் சூட்டில் இரு இழைகளையும் உருக்கிச் சேர்க்கிறோம். பிறகு கழற்ற முடியாது, வெட்டித்தான் ஆகவேண்டும். நன்றாக அமைந்தால் இழப்பு 0.1 டெசிபெலுக்குள் அடங்கும். செருகுமுனைகள் சேரும் இடத்தில் 0.2, 0.3 போவது சாதாரணம். இதற்கு 'உருகொட்டு' என்பேன். 'உருக்கொட்டு' என்று எழுதினால் எஃகு என்று நினைப்பவர்களும் உண்டு. உருக்காமல் பள்ளத்தில் எதிரெதிரே வைத்து, கூழ் இட்டு இறுக்குவது 'பிடியொட்டு'.

பிக்டெயிலைப் 'பன்றிவால்' ஆக்க மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்! ஒரு பக்கம் செருகுமுனை, மறுபக்கம் உருகொட்டுக்கான வெற்றிழை. 'ஒருமுனை வடம்' போதும். இரு பக்கமும் செருகுமுனை உள்ள பேட்ச் கார்டு அப்போது 'இருமுனை வடம்'.

அடாப்டருக்கு 'இணைகுழல்' நல்லது என்று யாராவது சொன்னால் எனக்குச் சம்மதமே. 'செருகுமுனை'க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.