பேக்லாஷ்: 'பின்னடைவு' சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மெஷினில் திசையை மாற்றித் திருப்பும்போது, அச்சு நகராமல் சும்மா போகும் சிறு தூரத்தைத்தான் பேக்லாஷ் என்கிறோம். அதற்குத் தமிழில் 'பின்னடைவு' என்று இங்கே தேவகோட்டை ஐயா எழுதியிருந்தார். அகராதிப்படி குறை சொல்ல முடியாது. போன வாரம் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய சிஎன்சி லேத்துக்கு (கணினி ஓட்டும் கடைசல் மெஷின்) விலை பேசப் போனபோது அதை வாயில் போட்டுப் பார்த்தேன். "அண்ணே, இசட் அச்சுல பின்னடைவு எவ்வளவு இருக்கும்?" விற்பவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு பின்னடைவும் இல்ல தம்பி, ஓட்டத்துல இருந்து எடுத்த மெஷினு" என்றார். தேர்தலில் தோற்றவரிடம் துக்கம் விசாரித்த மாதிரி ஆகிவிட்டது.

சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பதை அங்கே நடந்ததை வைத்தே சொல்கிறேன். மெஷினுக்குப் புதுப் பெயிண்ட், வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கு பளபளவென்று இருந்தது. நம் ஊர்ப் பழம்பொருள் கடைகளில் கதவு வாங்கத் தெரிந்தவர்கள் பாலிஷைப் பார்ப்பதில்லை. அடியில் லேசாகச் சுரண்டி, பர்மாத் தேக்குதானா என்று பார்ப்பார்கள். நானும் மேக்னடிக் ஸ்டாண்டைச் சக்குப் பக்கம் ஒட்டவைத்து, அதில் மாட்டிய அளவு டயலின் முனையை, வெட்டும் உளிகளைத் தாங்கி இசட் அச்சில் (மெஷினின் நீளவாக்கில்) நகரும் டர்ரெட்டின் முகத்தில் முட்டவிட்டேன். கைச்சக்கரத்தை ஒரு கிளிக்குக்கு 0.01 மி.மீ. என்று வைத்து, டயலை அழுத்தும் திசையில் நாலைந்து கிளிக் திருப்பினேன். முள் கூடவே வந்தது. பிறகு எதிர்ப்பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று... திரையில் எண் மாறுகிறது, முள் அசையவில்லை. நாலாவது கிளிக்கில்தான் கிளம்பியது. அந்த 0.03 போன இடம்தான் நாம் பெயர் தேடும் சங்கதி.

சரி, பழைய மெஷினுக்கு 0.03 தானே என்று டர்ரெட்டைச் சக்கிலிருந்து தள்ளி, அந்தக் கோடிக்கு ஓட்டிப்போய் அதே சோதனையைச் செய்தேன். அங்கே திசை மாற்றிய முதல் கிளிக்கிலேயே முள் 0.03 குதித்தது. 0.01 நகரச் சொன்னால் 0.03! இது தேய்மானமாக இருக்க முடியாது. மெஷினை ஓட்டும் கணினி ஃபானுக் கண்ட்ரோலர். பேக்லாஷுக்கு ஈடு கொடுக்கும் எண் இருக்கும் 1851 பாராமீட்டரை அவரிடம் கேட்டுக்கொண்டு திறந்தேன். இசட்டுக்கு நேரே 40 (மைக்ரான் கணக்கில்). அதாவது, திசை மாறும்போதெல்லாம் 0.04 கூடுதலாகத் தள்ளு என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் பூஜ்யமாக்கி அளந்தால் சக்குப் பக்கம் 0.07, அந்தக் கோடியில் 0.02. வேலை பெரும்பாலும் சக்கை ஒட்டித்தான் நடக்கும், டர்ரெட்டை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூவும் அங்கேதான் தேயும். ஈடு கொடுக்கும் எண்ணோ முழு நீளத்துக்கும் ஒன்றுதான். அதனால் ஓரிடத்தில் பற்றாமலும் ஓரிடத்தில் மிஞ்சியும் நிற்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே அளவு வந்திருந்தால், அந்தத் திருகைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்காக இருக்கலாம் என்று அந்தச் செலவை மட்டும் கழித்துக் கேட்டிருப்பேன். பால் ஸ்க்ரூ செலவைக் கழித்து நான் கேட்ட விலை அவருக்குக் கட்டவில்லை. 40ஐத் திரும்பப் போட்டுவிட்டு, அவர் சொன்ன டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சொல்லுக்கு வருகிறேன். பட்டறையில் 'ப்ளே' அல்லது 'ஆட்டம்' என்போம். இங்கே எழுதும் கோனாபட்டுத் தம்பியும் 'ஆட்டம்' போதும் என்கிறார். ஆனால் சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கும் ஆடும், டர்ரெட்டும் ஆடும். எந்த ஆட்டம் என்று கேட்க வேண்டியிருக்கும். 'திருப்பாட்டம்' என்று சேர்த்துப் பார்த்தேன், கோயிலில் பாடுவது போல இருக்கிறது.

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுக் கதவுக்கு ஒரு முழநீளச் சாவி உண்டு. பூட்டு தேய்ந்துபோய், கால் சுற்று சும்மா போய்த்தான் பிடிக்கும். "வெறுமனே திரும்புதுடா, இன்னும் திருப்பு" என்பார் அப்பத்தா. அதிலிருந்துதான் இது தோன்றியது: வெறுந்திருப்பு. வெறுங்கை, வெறுங்கால் போல. திருப்பு என்றால் சுழற்றுவதும் வரும், வந்த வழியே திரும்புவதும் வரும். பேக்லாஷுக்கு இரண்டும் வேண்டும். "எக்ஸ் அச்சுல வெறுந்திருப்பு ஏறிப்போச்சு" என்று பட்டறையில் பேசலாம். 1851இல் போடும் எண் 'வெறுந்திருப்பு ஈடு'.

---

வணக்கம் தம்பி.

பின்னடைவை நான் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங் வழுக்கினாலும் மோட்டார் வெறுமனேதான் சுற்றும். அதையும் வெறுந்திருப்பு என்பீர்களா? இன்னொன்று, 'திருப்பு' என்பது ஏவல் வினை போலக் காதில் விழுகிறது. "எவ்வளவு திருப்பு" என்று யார் கேட்பார்கள்?

---

ஐயா,

கப்ளிங் விஷயத்தில் 'வழுக்கல்' ஏற்கெனவே பட்டறைச் சொல்தான், அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வழுக்கல் எந்தத் திசையிலும் வரும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகவும் இருக்காது. வெறுந்திருப்பு திசை மாறும்போது மட்டும்தான் வரும். ஒரே இடத்தில் பத்துத் தடவை அளந்தாலும் ஏறக்குறைய அதே எண்தான்.

ஏவல் போல ஒலிப்பது உண்மை. ஆனாலும் திருப்புளியைக் கையில் வைத்திருக்கிற ஆளுக்கு அது உறுத்தாது என்று நினைக்கிறேன். உங்களுக்கு உறுத்தினால் 'வெறுந்திருப்பம்' என்று மகரம் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம். ஆனால் 'திருப்பம்' என்றதும் கதையில் வரும் திருப்பம் ஞாபகம் வருவதால், நான் குட்டைச் சொல் பக்கம்தான்.

சனிக்கிழமை புதுக்கோட்டையில் இன்னொரு மெஷின் பார்க்கப் போகிறேன். இந்தத் தடவை விற்பவரிடம் வெறுந்திருப்பு எவ்வளவு என்றே கேட்கிறேன். என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.